கார் நம்மையும் பார்க்கட்டும்

ஜி.எஸ்.டி. சாலையில் மணிக்கு 60 கிலோமீட்டர் என்பது பெரிய வேகம் இல்லை. கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தைத் தாண்டி ஊரப்பாக்கம் பக்கம் வரும் கார்கள், நெரிசல் இல்லாத நேரத்தில் அதைவிட வேகமாகவே போகின்றன. ஆனால் அந்த 60-இலேயே ஒரு விநாடிக்கு வண்டி கிட்டத்தட்ட 17 மீட்டர் கடந்துவிடுகிறது. போன் 'டிங்' என்கிறது. யார் என்று பார்க்க இரண்டு விநாடி. வண்டி 33 மீட்டர் ஓடிவிட்டது. செய்தியைப் படித்து 'வந்துட்டிருக்கேன்' என்று தட்டி அனுப்ப ஐந்து விநாடி ஆனால், 83 மீட்டர்.

முன்னால் போகும் அரசுப் பேருந்துக்கும் நமக்கும் 25 மீட்டர் இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். (இந்தச் சாலையில் அவ்வளவு இடம் விட்டால் நடுவில் ஒரு ஷேர் ஆட்டோ நுழைந்துவிடும், அது வேறு கதை.) நிறுத்தத்தில் யாரோ கை காட்ட, பேருந்து சட்டென்று பிரேக் பிடிக்கிறது. அதன் சிவப்பு விளக்கு கண்ணில் பட்டு, மூளை புரிந்துகொண்டு, கால் பிரேக்குக்குப் போக, விழிப்பாக இருக்கும் ஓட்டுநருக்கே சுமார் ஒன்றரை விநாடி ஆகும். அதற்குள் அந்த 25 மீட்டரும் தீர்ந்துவிடும். இரண்டு வண்டிகளும் ஒரே அளவில் பிரேக் பிடித்தால் மயிரிழையில் தப்பலாம். போனைப் பார்த்த இரண்டு விநாடியையும் சேர்த்தால் இன்னும் 33 மீட்டர் வேண்டும். அந்த 33 மீட்டர் சாலையில் இல்லை.

அதை வேறு எங்கிருந்தாவது கொண்டுவர முடியுமா? 'ஏடாஸ்' என்று கார் விளம்பரங்களில் அடிபடும் ஓட்டுநர் உதவித் தொழில்நுட்பத்திடம் நாம் கேட்பது இதைத்தான். ஓரளவு முடியும். ஆனால் விளம்பரத்தில் காட்டும் கேமராவும் ரேடாரும் பாதி வேலையைத்தான் செய்கின்றன. போன் விஷயத்தில் மீதிப் பாதி முக்கியமானது.

கண் திரும்பினாலும் மனம் திரும்ப வேண்டும்

போன் மூன்று வழிகளில் ஓட்டுநரைக் கெடுக்கிறது: கண்ணைச் சாலையிலிருந்து எடுக்கிறது, கையை ஸ்டீயரிங்கிலிருந்து எடுக்கிறது, கவனத்தை வேறெங்கோ கொண்டுபோகிறது. முதல் இரண்டும் வெளியே தெரியும். மூன்றாவது தெரியாது.

கண்ணைப் பற்றிய தெளிவான கணக்கு அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் போக்குவரத்து ஆய்வு மையத்திலிருந்து வந்தது. 100 கார்களில் கேமராக்களைப் பொருத்தி, அன்றாட ஓட்டத்தையே பதிவுசெய்து ஆராய்ந்தார்கள். 2006-இல் வெளியான முடிவு: சாலையை விட்டுக் கண் இரண்டு விநாடிக்கு மேல் விலகினால், விபத்து அல்லது நூலிழையில் தப்பிய விபத்துக்கான வாய்ப்பு குறைந்தது இரு மடங்காகிறது. அதே மையம் லாரி ஓட்டுநர்களை ஆராய்ந்து 2009-இல் சொன்ன எண் இன்னும் கடுமை. ஓட்டிக்கொண்டே குறுஞ்செய்தி அனுப்பினால் அபாயம் 23 மடங்கு.

'நான் புளூடூத்தில்தானே பேசுகிறேன்' என்பவர்களுக்கான பதில் அதற்கும் முன்பே வந்துவிட்டது. டொராண்டோவில் ரெடெல்மையர், டிப்ஷிரானி என்ற இருவர் விபத்தில் சிக்கிய 699 ஓட்டுநர்களின் போன் ரசீதுகளை வைத்துச் செய்த ஆய்வு 1997-இல் வெளியானது. பேசிக்கொண்டிருக்கும்போது விபத்து அபாயம் சுமார் நான்கு மடங்கு. கையில் பிடிக்காமல் பேசியவர்களுக்கு அது குறைந்ததாகத் தெரியவில்லை. யூட்டா பல்கலைக்கழகத்தின் டேவிட் ஸ்ட்ரேயர் பிறகு காரணத்தைக் காட்டினார். போனில் பேசும் ஓட்டுநரின் கண் ஒரு பொருளின் மேல் நேராகப் பதிந்திருந்தும், பின்னர் கேட்டால் அதைப் பார்த்த நினைவு பல நேரம் இருப்பதில்லை. பார்வை இருந்தது, கவனம் இல்லை.

பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருடன் பேசுவதும் இதே போலத்தானே என்று தோன்றும். இல்லை. அவர் கண்ணும் சாலையில்தான் இருக்கிறது. குறுக்கே ஒரு டூவீலர் வந்தால் பேச்சை நிறுத்துவார். 'பாத்து, பாத்து' என்று கையை நீட்டுவார். போனின் மறுமுனையில் இருப்பவருக்கு வண்டலூர் சந்திப்பில் என்ன நடக்கிறது என்று தெரியாது. அவர் பேசிக்கொண்டே இருப்பார். குரலால் கட்டளை கொடுக்கும் வசதியும் முழு விடுதலை அல்ல. ஸ்ட்ரேயர் குழு அமெரிக்க வாகனப் பாதுகாப்பு அறக்கட்டளை ஒன்றுக்காக 2015-இல் செய்த ஆய்வில், சிக்கலான குரல் கட்டளை முடிந்த பிறகும் 27 விநாடிகள் வரை கவனச்சிதறலின் மிச்சம் நீடித்தது. 60 கி.மீ. வேகத்தில் அது 450 மீட்டர்.

வெளியே பார்க்கும் கண்

ஊரப்பாக்கத்திலிருந்து தெற்கே போனால், பரனூர் சுங்கச்சாவடியை ஒட்டி மஹிந்திரா வேர்ல்டு சிட்டி. அதற்குள் 2012-இல் திறக்கப்பட்ட மஹிந்திரா ரிசர்ச் வேலி இருக்கிறது. 2021-இல் வெளியாகி, ஏடாஸ் என்ற சொல்லை நடுத்தரக் குடும்பங்களின் பேச்சில் சேர்த்த எக்ஸ்.யூ.வி.700 உருவான இடம் அது. ஒரகடத்தில் வாகனங்களைச் சோதிக்கும் அரசு ஆய்வு மையம் இயங்குகிறது. இந்தத் தொழில்நுட்பம் எங்கோ வெளிநாட்டில் மட்டும் பிறப்பதில்லை. அதைச் செதுக்குபவர்களில் பலர் தினமும் இதே ஜி.எஸ்.டி. சாலையில்தான் வேலைக்குப் போகிறார்கள்.

வெளியே பார்க்கும் கண்கள் இரண்டு வகை. ஒன்று, முன் கண்ணாடியின் மேல்பகுதியில், உள்கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் கேமரா. மற்றது, முன் பம்பருக்குள்ளோ கிரில்லுக்குப் பின்னாலோ ஒளிந்திருக்கும் ரேடார். ரேடார் 77 கிகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைகளை அனுப்பி, எதிரொலியை வாங்குகிறது. எதிரொலி வர ஆகும் நேரம் தூரத்தைச் சொல்லும். அதன் அதிர்வெண் எவ்வளவு மாறியிருக்கிறது என்பது வேகத்தைச் சொல்லும். 108 ஆம்புலன்ஸ் நம்மைக் கடந்து போகும்போது சைரன் சத்தம் சட்டென்று தாழ்வதற்குக் காரணமான அதே டாப்ளர் விளைவுதான். இருட்டும் மழையும் ரேடாரை அதிகம் பாதிக்காது. ஆனால் எதிரே இருப்பது மாடா, ஆட்டோவா என்று அதற்குச் சரியாகப் பிடிபடாது. அதைக் கேமரா சொல்லும்.

இரண்டின் தகவலையும் சேர்த்து, கணினி ஓயாமல் ஒரே ஒரு எண்ணைக் கணக்கிடுகிறது: இப்படியே போனால் மோத எத்தனை விநாடி மிச்சம்? அந்த எண் குறையக் குறைய முதலில் எச்சரிக்கை ஒலி. ஓட்டுநர் அசையாவிட்டால் தானே பிரேக். முழுதாக நிற்காமல் 60-இலிருந்து 30-க்கு வேகம் குறைந்தாலும் லாபம்தான். மோதலின் ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால், அது பாதியாக அல்ல, கால்பங்காகக் குறைகிறது. அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டு நிறுவனத்தின் கணக்கில், எச்சரிக்கையும் தானியங்கி பிரேக்கும் சேர்ந்த கார்கள் முன்வண்டியின் பின்புறம் மோதும் விபத்துகள் ஏறத்தாழ பாதியாகக் குறைந்துள்ளன. போனைப் பார்த்துக்கொண்டு செய்யும் விபத்துகளில் இந்த வகையே அதிகம் எதிர்பார்க்கக்கூடியது.

ஊரப்பாக்கத்தில் அது என்ன பார்க்கும்?

கேமராவின் பின்னால் இருக்கும் மென்பொருள், காட்டிய படங்களிலிருந்து கற்றுக்கொண்டது. உலகெங்கும் ஆய்வாளர்கள் நெடுநாள் பயன்படுத்திய சிட்டிஸ்கேப்ஸ் படத்தொகுப்பு பெரும்பாலும் ஜெர்மன் நகரங்களில் எடுக்கப்பட்டது. கோடு போட்ட சாலை, கோட்டுக்குள் போகும் கார்கள். அதில் நம் ஆட்டோ கிடையாது. அந்தக் குறையை உணர்ந்து ஹைதராபாத் ஐ.ஐ.ஐ.டி. 2018-இல் இந்தியச் சாலைகளுக்கென்றே ஒரு தொகுப்பை உருவாக்கியது. ஹைதராபாத், பெங்களூரு பகுதிகளில் எடுத்த 10,000 படங்களில் ஆட்டோ, கால்நடை, சாலையோர மண்பகுதி எல்லாம் தனித்தனியே குறிக்கப்பட்டன. இதே நிறுவனம் பங்கேற்ற 'ஐராஸ்டே' திட்டம் 2021-இல் நாக்பூரில் தொடங்கி, மாநகரப் பேருந்துகளில் எச்சரிக்கைக் கருவிகளைப் பொருத்தியது.

அப்படியும் நம் சாலை கருவிக்குக் கடினமான பரீட்சை. ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில் சாலைத்தடுப்பின் இடைவெளியில் புகுந்து வருபவர், எதிர்த்திசையில் ஓரமாக வரும் டூவீலர், சட்டென்று இடப்பக்கம் ஒடிக்கும் ஷேர் ஆட்டோ என்று எல்லாமே கணினிக்கு மோதலின் முன்னறிவிப்பாகத் தெரியும். நாம் பழக்கத்தால் 'அவர் நின்றுவிடுவார்' என்று புரிந்துகொள்வோம். அதற்கு அந்தப் பழக்கம் இல்லை. தேவையில்லாத இடத்தில் அது பிரேக் போட்டால் பின்னால் ஒட்டி வருபவர் நம்மீது இடிப்பார். பீப் பீப் என்று ஓயாமல் கத்தினால், வண்டி எடுத்த வாரத்திலேயே வீட்டில் யாராவது அதை அணைத்து வைத்துவிடுவார்கள்.

இரவில் வேறொரு சிக்கல். ஓரத்தில் விளக்கில்லாமல் நிற்கும் லாரி. பாலம், பெயர்ப்பலகை, சாலைத்தடுப்பு என்று நிலையாக நிற்கும் உலோகம் எல்லாவற்றுக்கும் பிரேக் போட்டால் வண்டி நகரவே முடியாது என்பதால், பழைய ரேடார் அமைப்புகள் அசையாத பொருட்களைப் பெரும்பாலும் கணக்கில் எடுக்காமல் விட்டன. புதியவை கேமராவின் துணையுடன் மேம்பட்டிருக்கின்றன. ஆனாலும் அதிவேகத்தில் நின்ற வண்டியைக் கண்டுபிடிப்பது இன்னும் பலவீனமான இடம்தான்.

கார் பார்த்துக்கொள்ளும் என்ற தைரியம்

இதைவிடப் பெரிய ஆபத்து மனித இயல்பில் இருக்கிறது. தூரத்தைத் தானே பேணி, தடத்தைத் தானே பிடித்து ஓடும் வசதி வந்ததும், மிச்சமான கவனத்தை நாம் சாலைக்குக் கொடுப்பதில்லை. போனுக்குக் கொடுத்துவிடுகிறோம்.

2018 மார்ச்சில் கலிஃபோர்னியாவின் மவுன்டன் வியூ அருகே நெடுஞ்சாலையில் ஒரு டெஸ்லா கார், தானியங்கி ஓட்ட உதவி இயங்கிக்கொண்டிருந்தபோதே, சாலை பிரியும் இடத்திலிருந்த கான்கிரீட் தடுப்பில் மோதியது. ஓட்டுநர் இறந்தார். அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2020-இல் தந்த முடிவில் இரண்டு விஷயங்களைச் சேர்த்தே சொன்னது. கார் தவறான இடத்தில் திரும்பியது. ஓட்டுநர் அதைக் கவனிக்கவில்லை. போனில் விளையாட்டுச் செயலி ஓடிக்கொண்டிருந்தது. கடைசி ஆறு விநாடி அவர் கை ஸ்டீயரிங்கில் இருந்ததற்கான அறிகுறி இல்லை. ஸ்டீயரிங்கில் கை பட்டால் போதும் என்று கார் வைத்திருந்த சோதனை, மனம் எங்கே என்பதைக் கண்டுபிடிக்கவில்லை.

இது ஒருவரின் அலட்சியம் என்று ஒதுக்கிவிட முடியாது. அதே காப்பீட்டு நிறுவனமும் எம்.ஐ.டி.யும் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், இப்படிப்பட்ட உதவி உள்ள காரை ஒரு மாதம் ஓட்டியவர்கள், நாள் ஆக ஆகக் கையை விடுவதும் போனைத் தொடுவதும் கூடிக்கொண்டே போனது. கருவி நன்றாக வேலை செய்ததால்தான் நம்பிக்கை வந்தது. நம்பிக்கையால்தான் கவனம் போனது. தானியங்கி பிரேக் வாங்கித் தரும் ஒரு விநாடி அவகாசம், மருத்துவச் செலவுக்கென்று எடுத்துவைத்த சீட்டுப் பணம் மாதிரி. மாதாமாதம் சினிமாவுக்கு எடுத்தால் வேண்டிய நாளில் கையில் இருக்காது.

உள்ளே பார்க்கும் கண்

ஆகவேதான் கேமரா ஓட்டுநரின் பக்கமும் திரும்ப வேண்டியிருக்கிறது. இது புதிய யோசனை அல்ல. 2006-லேயே லெக்ஸஸ் கார்களில் ஸ்டீயரிங் தண்டின் மேல் ஒரு சிறு கேமரா வந்தது. முன்னால் தடை இருந்து, ஓட்டுநரின் முகம் வேறு பக்கம் திரும்பியிருந்தால் அது எச்சரிக்கும். உள்ளேயும் வெளியேயும் பார்த்து இரண்டையும் சேர்த்து முடிவெடுப்பது அன்றே தொடங்கிவிட்டது.

இன்றைய அமைப்பை அருகில் சென்று பார்ப்போம். மீட்டர் பலகையின் மேலோ, ஸ்டீயரிங் தண்டிலோ ஒரு சிறு லென்ஸ். அதன் பக்கத்தில் அகச்சிவப்பு எல்.இ.டி. விளக்குகள். பெரும்பாலும் 940 நானோமீட்டர் அலைநீளம்; அது நம் கண்ணுக்குத் தெரியாது, இரவில் கூசாது. இன்னொரு நன்மையும் உண்டு. சூரிய ஒளியில் அந்த அலைநீளத்தின் ஒரு பகுதியைக் காற்றிலுள்ள நீராவி உறிஞ்சிவிடுவதால், சித்திரை வெயிலில்கூடக் கேமராவுக்கு வெளிச்சக் கலப்படம் குறைவு. பல கூலிங் கிளாஸ்களை ஊடுருவியும் அது பார்க்கும். கணினி முகத்தில் மூக்கு நுனி, கண் ஓரங்கள், வாய் ஓரங்கள் என்று புள்ளிகளைப் பிடித்து, தலை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று அறிகிறது. கருவிழி எங்கே இருக்கிறது என்பதிலிருந்து பார்வையின் திசையைக் கணக்கிடுகிறது. இமை எவ்வளவு நேரம் முக்கால்வாசிக்கு மேல் மூடியிருக்கிறது என்பதை வைத்துத் தூக்கத்தையும் மதிப்பிடுகிறது.

போன் பார்ப்பவருக்கு ஒரு அடையாளம் உண்டு. தலை நேராக இருக்கும், கண் மட்டும் மடிக்கோ கியர் பக்கமோ இறங்கும், மேலே வரும், மறுபடி இறங்கும். இடப்பக்கக் கண்ணாடியைப் பார்ப்பவரின் பார்வை இப்படி இறங்குவதில்லை. இந்த வேறுபாட்டைத்தான் ஐரோப்பிய ஒன்றியம் சட்டமாக்கியது. அங்கே 2024 ஜூலை முதல் புதிய மாடல் கார்களுக்குக் கவனச்சிதறல் எச்சரிக்கை கட்டாயம். வேகம் 50 கி.மீ.யைத் தாண்டியிருக்கும்போது பார்வை கீழே மூன்றரை விநாடி தங்கினால் எச்சரிக்க வேண்டும். அதற்குக் குறைந்த வேகத்தில் ஆறு விநாடி. நம் 60 கி.மீ. கணக்கில் மூன்றரை விநாடி என்பது 58 மீட்டர். கொஞ்சம் தாராளம்தான். ஆனால் 83 மீட்டர் வரை போகவிடாது. திரும்பத் திரும்பக் கத்தினால் பழக்கமும் குறையும்.

படம் வெளியே போய்விடுமோ என்ற பயம் நியாயமானது. ஐரோப்பியச் சட்டம் அதற்கும் இடம் வைத்திருக்கிறது: தரவு வண்டிக்குள்ளேயே சுழன்று அழிய வேண்டும், மூன்றாம் நபருக்குப் போகக் கூடாது. இந்தியாவில் இது கட்டாயமானால் இந்த விதியும் உடன் வர வேண்டும். 2024 நவம்பரில் சென்னையில் மஹிந்திரா அறிமுகப்படுத்திய மின்சாரக் கார்களில் ஓட்டுநரைப் பார்க்கும் கேமரா இருக்கிறது. பேருந்து, லாரி போன்ற பெரிய வண்டிகளில் தானியங்கி அவசரப் பிரேக், தடம் விலகல் எச்சரிக்கை, ஓட்டுநரின் தூக்கமும் கவனமும் பார்க்கும் கருவி மூன்றையும் கட்டாயமாக்க, மத்திய அரசு 2025-இல் வரைவு அறிவிப்பு வெளியிட்டது. 50 பேரைச் சுமந்து போகும் வண்டியிலிருந்து தொடங்குவது சரியான வரிசை.

போனுக்கே தெரியும்

இந்தக் கேமராவாலும் பார்க்க முடியாதது ஒன்று உண்டு. புளூடூத்தில் கடன் தவணைக்காரருடன் சண்டை போட்டுக்கொண்டிருப்பவரின் கண் நேராகச் சாலையில்தான் இருக்கும். கருவி 'எல்லாம் சரி' என்றுதான் சொல்லும். அங்கே செய்ய வேண்டிய வேலை போனுடையது. ஜி.பி.எஸ். வைத்து, தான் 60 கி.மீ. வேகத்தில் போகிறோம் என்று போனுக்குத் தெரியும். காரின் புளூடூத்தோடு இணைந்திருப்பதும் தெரியும். அப்படியிருக்க அறிவிப்புகளை ஏன் அது தானே நிறுத்திவைக்கக் கூடாது? ஆப்பிள் 2017-இல் அந்த வசதியைக் கொண்டுவந்தது. ஆண்ட்ராய்டு போன்களிலும் உண்டு. ஆனால் நாமாகத் தேடி இயக்க வேண்டும். மவுன்டன் வியூ விபத்து அறிக்கையில் அமெரிக்க வாரியம் போன் நிறுவனங்களிடம் கேட்டது இதைத்தான்: ஓட்டும்போது கவனத்தைக் கலைக்கும் செயல்பாடுகளைப் பூட்டும் வசதியை, வாங்கும்போதே இயங்கும் நிலையில் தாருங்கள்.

நமக்கு இது இன்னும் அவசரம். 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 74,897 பேர் இருசக்கர வண்டியில் போனவர்கள். 100-க்கு 44 பேருக்கு மேல். ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகிப் பேசிக்கொண்டு போகும் அவர்களை ரேடாரும் கேமராவும் காப்பாற்றப்போவதில்லை. அந்த வண்டியில் அவற்றுக்கு இடமும் இல்லை, விலையும் கட்டாது. சாம்சங் 2016-இல் இந்தியாவுக்கென்றே 'எஸ் பைக் மோடு' என்ற வசதியைக் கொண்டுவந்தது. அழைப்பவருக்கு 'இவர் வண்டி ஓட்டுகிறார், அவசரமென்றால் ஒன்றை அழுத்துங்கள்' என்ற தகவல் போகும். வண்டியை நிறுத்தினால்தான் ஓட்டுபவர் எடுக்க முடியும். எளிய யோசனை, மலிவான யோசனை. உணவு கொண்டுபோகும் இளைஞரின் ஹேண்டில்பாரில் இருக்கும் திரைக்கு இது இன்னும் பொருந்தும். வண்டி ஓடும்போது அடுத்த ஆர்டரை அதில் காட்டக் கூடாது என்ற கட்டுப்பாட்டைச் செயலி நிறுவனம் ஒரே இரவில் கொண்டுவர முடியும்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆம் பிரிவில், கையில் போனை வைத்துக்கொண்டு ஓட்டுவது ஆபத்தான ஓட்டமாகிறது. 2020 முதல் வழிகாட்டும் வரைபடத்துக்கு மட்டும், கவனம் சிதறாத வகையில், அனுமதி. ஆனால் அளவு தெரியாமல் நோய்க்கு மருந்து கொடுப்பது கடினம். 2022-ஆம் ஆண்டின் தேசிய அறிக்கையில் போன் காரணமான மரணங்கள் 100-க்கு இரண்டை ஒட்டியே இருக்கின்றன. அதிவேகமோ பத்தில் ஏழு. விபத்து நடந்த இடத்துக்கு வரும் காவலரால் டயர் தேய்ந்த தடத்தைப் பார்க்க முடியும், திரையில் என்ன இருந்தது என்று பார்க்க முடியாது. முதல் தகவல் அறிக்கையில் 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்' என்ற வழக்கமான வரி விழுகிறது. போன் அந்த 'அஜாக்கிரதை'க்குள் ஒளிந்துகொள்கிறது. சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கிய விபத்துத் தரவுத்தளத்தில் இப்போது களத்திலேயே விவரங்கள் பதிவாகின்றன. ஓட்டுநரைப் பார்க்கும் கருவி, மோதலுக்கு முந்தைய சில விநாடிகளில் பார்வை எங்கே இருந்தது என்பதை மட்டும் சேமித்தால்கூட, இந்த எண் உண்மைக்கு நெருங்கும்.

கார் வாங்கப் போகிறவர் ஷோரூமில் கேட்க வேண்டிய கேள்வி, 'ஏடாஸ் இருக்கிறதா' என்பதோடு முடியக் கூடாது. 'என்னைப் பார்க்கும் கேமரா இருக்கிறதா, அதன் எச்சரிக்கையை ஒவ்வொரு முறையும் அணைக்க வேண்டுமா, ஒருமுறை அணைத்தால் அப்படியே கிடக்குமா' என்றும் கேட்க வேண்டும். ஏ.சி.யைக் கூட்டிக் குறைக்கத் திரைக்குள் மூன்று முறை தட்ட வேண்டியிருந்தால் அதையும் குறையாகச் சொல்ல வேண்டும். அந்தத் திரையும் போன்தான். வெளியே பார்க்கும் கேமரா, தடை வந்த பிறகு உதவுகிறது. உள்ளே பார்க்கும் கேமரா, தடை வருவதற்கு முன்பே நம்மை எழுப்புகிறது. போனின் ஓட்டுநர் முறை, தூங்கவே விடாமல் பார்த்துக்கொள்கிறது. விலையில் மூன்றாவதுதான் மிகக் குறைவு; ஏற்கெனவே எல்லார் பையிலும் இருக்கிறது. அதை இயக்க இன்னும் எந்தச் சட்டத்துக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.